கம்ப்யூட்டர் திறந்ததுமே அட்மின் அனுமதி கேட்கும் புரோகிராம்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாகின் செய்து டெஸ்க்டாப் முழுதாக வருவதற்குள் திரை மங்குகிறது. நடுவில் ஒரு பெட்டி: இந்த ஆப் உங்கள் கருவியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா? ஆம், இல்லை. நேற்றும் இதே கேள்வி, நாளையும் இதே கேள்வி. இந்தத் தொல்லை பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே. எல்லாம் விண்டோஸ் 10, 11 பதிப்புகளை வைத்து எழுதியது. பலரும் ஆங்கில விண்டோஸ்தான் வைத்திருப்பார்கள் என்பதால் மெனுப் பெயர்களை அந்த ஒலிப்பிலேயே தந்திருக்கிறேன்.

இந்தப் பெட்டி எதற்கு வருகிறது? நான்தானே அட்மின்?

நீங்கள் அட்மின்தான். ஆனால் விண்டோஸ் உங்களுக்கு இரண்டு சாவி தருகிறது: அன்றாட வேலைக்கு ஒரு சாதாரண சாவி, முழு அதிகாரத்துக்கு இன்னொன்று. லாகின் ஆனதும் டெஸ்க்டாப்பும் அதிலிருந்து திறக்கும் எல்லாமும் சாதாரண சாவியோடுதான் ஓடும். எந்தப் புரோகிராமாவது முழுச் சாவி வேண்டும் என்றால், அப்போது இந்தப் பெட்டி வந்து உங்களைக் கேட்கும். இதற்கு யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல் என்று பெயர், சுருக்கமாக யூஏசி. 2007இல் விஸ்டாவோடு வீடுகளுக்கு வந்தது. அப்போது தொட்டதற்கெல்லாம் கேட்டு எல்லோரையும் கடுப்பேற்றியது. 2009இல் விண்டோஸ் 7 வந்தபோது கொஞ்சம் அடங்கியது.

தினமும் 'ஆம்' அழுத்திவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்?

ஒரு வாரம் ஒன்றும் ஆகாது. பிறகு கை பெட்டியைப் படிக்காமலே அழுத்தப் பழகிவிடும். ஒருநாள் அதே நேரத்தில் வேறொரு புரோகிராம் கேட்டாலும் அதே வேகத்தில் அனுமதி கொடுத்துவிடுவீர்கள். அதனால்தான் இதைச் சரிசெய்ய வேண்டும் என்கிறேன். இரண்டு நொடி வீணாவது எனக்குப் பெரிய விஷயமில்லை.

கேட்பது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெட்டியை மூடாதீர்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது. மேல்பட்டை நீலமாக இருந்தால், புரோகிராமை வெளியிட்டவரின் டிஜிட்டல் கையெழுத்து சரியாக இருக்கிறது என்று பொருள். மஞ்சளாக இருந்தால் வெளியிட்டவர் யாரென்று விண்டோஸுக்குத் தெரியவில்லை. சிவப்பாக இருந்தால் விண்டோஸே அதைத் தடுத்துவிட்டது.

அப்புறம் 'ஷோ மோர் டீடெய்ல்ஸ்' என்பதைச் சொடுக்குங்கள். புரோகிராம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முழு முகவரி தெரியும். திரை மங்கியிருக்கும்போது ஸ்கிரீன்ஷாட் எடுக்க வராது, எனவே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது போனில் படம் எடுங்கள். முகவரி புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் இருந்தால் முறையாக இன்ஸ்டால் செய்தது என்று பெரும்பாலும் நம்பலாம். ஆப்டேட்டா, டெம்ப், டவுன்லோட்ஸ் போன்ற இடங்களில் இருந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். முகவரியைக் குறித்தபின் 'இல்லை' கொடுங்கள். எது திறக்கவில்லை, எது வேலை செய்யவில்லை என்று அன்று முழுக்கக் கவனித்தால், அந்தப் புரோகிராம் உங்களுக்குத் தேவையா என்பதும் தெரிந்துவிடும். ஒன்றுமே குறையவில்லை என்றால் வேலை முடிந்தது. அதை நிறுத்திவிடுங்கள், கீழே உள்ள எதையும் படிக்க வேண்டியதில்லை.

எங்கே போய் நிறுத்துவது?

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்அப் பகுதி. பெயர் மேல் ரைட் கிளிக் செய்து 'டிஸேபிள்'. அதற்கு முன்பு அந்தப் புரோகிராமைத் திறந்து, அதன் செட்டிங்ஸிலேயே 'கம்ப்யூட்டரோடு சேர்ந்து தொடங்கு' என்ற மாதிரி ஏதாவது இருந்தால் அங்கே டிக்கை எடுங்கள். வெளியிலிருந்து நிறுத்தினால் சில புரோகிராம்கள் அடுத்த அப்டேட்டில் தன்னை மறுபடி சேர்த்துக்கொள்ளும்.

பெட்டியில் வரும் பெயர் ஸ்டார்ட்அப் பட்டியலில் இல்லவே இல்லையே?

இது அடிக்கடி நடக்கும். பட்டியலில் இருப்பது ஒரு சின்ன எடுபிடிப் புரோகிராம். அது அட்மின் அனுமதி இல்லாமலே திறக்கும், திறந்ததும் பெரிய புரோகிராமை முழு உரிமையோடு கூப்பிடும். பெட்டியில் பெரியவரின் பெயர் வரும், பட்டியலில் எடுபிடியின் பெயர் இருக்கும். பெயரை விட்டுவிட்டு ஃபோல்டரைப் பொருத்திப் பாருங்கள். ஸ்டார்ட்அப் பட்டியலின் தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து 'கமாண்ட் லைன்' என்ற பத்தியைச் சேர்த்தால் ஒவ்வொன்றின் முகவரியும் தெரியும். நீங்கள் எழுதிவைத்த முகவரியோடு ஒத்துப்போகும் ஃபோல்டர் எது? அதுதான் ஆள்.

அங்கேயும் இல்லை என்றால், அது வேறு வாசல் வழியாக வருகிறது. டாஸ்க் ஷெட்யூலரில் லாகின் நேரத்துக்கு வைத்த வேலையாக இருக்கலாம், ஜன்னல் இல்லாமல் பின்னணியில் ஓடும் சர்வீஸாக இருக்கலாம், விண்டோஸ் தன் செட்டிங்ஸைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ரன்ஒன்ஸ் என்ற பகுதியில் தங்கிப்போன பாதி இன்ஸ்டாலாக இருக்கலாம். இத்தனை வாசலையும் ஒரே பார்வையில் காட்டும் இலவசக் கருவி ஆட்டோரன்ஸ். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் கிடைக்கும். திறந்ததும் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் நூற்றுக்கணக்கான வரிகளில் தேட வேண்டியிருக்கும். ஒரு வரியின் டிக்கை எடுத்தால் அது நிற்கும், மறுபடி போட்டால் திரும்ப வரும். சந்தேகம் இருக்கும்வரை டிக்கை மட்டும் எடுங்கள், டெலிட் வேண்டாம்.

'விண்டோஸ் கமாண்ட் பிராசசர்' என்று வருகிறது, நீலப் பட்டை, மைக்ரோசாஃப்ட் பெயர். நம்பலாம்தானே?

இல்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கமாண்ட் பிராசசர், பவர்ஷெல் இரண்டும் மைக்ரோசாஃப்டுடையவை என்பது உண்மை. ஆனால் அவை அடுத்தவர் சொல்வதைச் செய்யும் ஆட்கள். கையெழுத்து அவற்றுக்குத்தான், அவற்றிடம் கொடுத்த கட்டளைக்கு இல்லை. 'ஷோ மோர் டீடெய்ல்ஸ்' அழுத்தினால் முகவரிக்குப் பின்னால் நீளமாக ஒரு கட்டளை தெரியும். அதில் உங்களுக்குத் தெரிந்த புரோகிராமின் ஃபோல்டர் பெயர் இருந்தால் ஒருவேளை சரி. புரியாத எழுத்துக்குவியலாக இருந்தாலோ, டெம்ப் ஃபோல்டரைக் காட்டினாலோ 'இல்லை' கொடுங்கள். 'இல்லை' என்றதும் பெட்டி திரும்பத் திரும்ப வந்து நச்சரித்தால் கிட்டத்தட்ட உறுதியாக அது வில்லங்கம். நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓடவிடுங்கள்.

தெரிந்த புரோகிராம்தான். ஆனால் அதற்கு எதற்கு அட்மின் உரிமை?

காரணம் நான்கைந்து இருக்கலாம். எது என்று தெரிந்தால்தான் மருந்து தெரியும்.

முதலாவது, உண்மையான தேவை. ஃபேன் வேகத்தை மாற்றுவது, பிராசசர் சூட்டை அளப்பது, டிரைவர் ஏற்றுவது, மற்றவர்களின் ஃபைல்களையும் சேர்த்து பேக்கப் எடுப்பது போன்றவற்றுக்கு முழு உரிமை வேண்டும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஒழுங்காக எழுதப்பட்ட புரோகிராம், உரிமை தேவைப்படும் பகுதியை மட்டும் சர்வீஸாகப் பிரித்து, இன்ஸ்டால் செய்யும்போது ஒரே முறை கேட்டு முடித்துக்கொள்ளும். தினமும் கேட்கிறது என்றால் எழுதியவர் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது, எழுதியவரின் சோம்பல். பெரும்பாலான புரோகிராம்களுக்குள் மேனிஃபெஸ்ட் என்ற குறிப்பு ஒன்று இருக்கும். சாதாரண உரிமை போதுமா, அட்மின் உரிமை கட்டாயமா என்று அதில்தான் எழுதியிருக்கும். தேவை இருக்கிறதோ இல்லையோ, எதற்கும் இருக்கட்டும் என்று கட்டாயம் எனப் போட்டுவிடுவார்கள். புது வெளியீட்டில் திருத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

மூன்றாவது, பழைய காலத்துப் பழக்கம். தன் செட்டிங்ஸைத் தன் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே எழுதும் புரோகிராம்கள் உண்டு. அந்த ஃபோல்டர் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருந்தால் எழுத அட்மின் உரிமை வேண்டும். இன்ஸ்டால் தேவைப்படாத சின்னக் கருவி என்றால், அதை அங்கிருந்து எடுத்து உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் வைத்துப் பாருங்கள். சில சமயம் அவ்வளவுதான் வைத்தியம்.

நான்காவது கொஞ்சம் வேடிக்கையானது. பழைய 32 பிட் புரோகிராமுக்குள் அந்த மேனிஃபெஸ்ட் குறிப்பு இல்லை என்று வையுங்கள். அதன் ஃபைல் பெயரில் இன்ஸ்டால், செட்டப், அப்டேட் என்ற ஆங்கிலச் சொற்களில் ஒன்று இருந்தால், விண்டோஸ் அதை இன்ஸ்டாலர் என்று ஊகித்து அட்மின் அனுமதி கேட்கும். புரோகிராம் பாவம், ஒன்றும் கேட்டிருக்காது. பெயர் மட்டும்தான் குற்றம். நீங்களே எழுதிய சின்னக் கருவி என்றால் பெயரை மாற்றினால் தீர்ந்தது.

ஐந்தாவது, நீங்களே செய்தது. எக்ஸி ஃபைல், அதாவது புரோகிராமைத் திறக்கும் முதன்மை ஃபைல், அதன் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், கம்பாட்டிபிலிட்டி. அங்கே 'ரன் திஸ் புரோகிராம் ஆஸ் ஆன் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா பாருங்கள். என் பழைய லேப்டாப்பில் ஒரு நோட்ஸ் புரோகிராம் தினமும் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது. எழுதியவரை மனதுக்குள் ஒரு மாதம் திட்டினேன். கடைசியில் பார்த்தால் அந்த டிக்கைப் போட்டதே நான்தான். எப்போதோ ஒரு ஃபைல் சேமிக்க வரவில்லை என்று அவசரத்தில் போட்டு, மறந்தே போயிருந்தேன்.

அந்த டிக்கை எடுத்துவிட்டேன். இன்னும் கேட்கிறது.

அதே பெட்டியில் கீழே 'சேஞ்ச் செட்டிங்ஸ் ஃபார் ஆல் யூசர்ஸ்' என்றொரு பட்டன் இருக்கும். எல்லாக் கணக்குகளுக்கும் சேர்த்து யாராவது டிக் போட்டிருந்தால் அங்கேதான் எடுக்க முடியும். அதற்கடுத்து ஷார்ட்கட்டைப் பாருங்கள். ஷார்ட்கட்டின் ப்ராப்பர்டீஸில் 'அட்வான்ஸ்ட்' பட்டனுக்குள் தனியாக ஒரு 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' உண்டு. ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் இருக்கும் ஷார்ட்கட்டில் அது ஒளிந்திருக்கலாம். அந்த ஃபோல்டரைத் திறக்க, விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ஷெல், முக்காற்புள்ளி, ஸ்டார்ட்அப் மூன்றையும் ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் தட்டி என்டர் கொடுங்கள்.

தேவை உண்மைதான், தினமும் வேண்டிய புரோகிராம்தான். கேட்காமல் திறக்க வைக்க முடியுமா?

முடியும். டாஸ்க் ஷெட்யூலர்தான் வழி. அனுமதியை ஒரே முறை, டாஸ்க் உருவாக்கும்போது கொடுத்துவிடுகிறோம். அதன்பின் ஒவ்வொரு லாகினிலும் விண்டோஸே முழு உரிமையோடு அதைத் திறக்கும்.

முதலில் அந்தப் புரோகிராமை ஸ்டார்ட்அப் பட்டியலில் நிறுத்துங்கள், இல்லையென்றால் இரண்டு தடவை திறக்கும். பிறகு ஸ்டார்ட் மெனுவில் டாஸ்க் ஷெட்யூலரைத் தேடி, அதை அட்மினாகத் திறந்து, வலப்பக்கம் 'கிரியேட் டாஸ்க்' அழுத்துங்கள். அதன் மேலேயே 'கிரியேட் பேசிக் டாஸ்க்' என்று ஒன்று இருக்கும், அதில் நமக்கு வேண்டிய கட்டம் முதலிலேயே வராது, அதை விடுங்கள்.

ஜெனரல் பக்கத்தில் ஒரு பெயர் கொடுங்கள். 'ரன் ஒன்லி வென் யூசர் இஸ் லாக்ட் ஆன்' என்பது தேர்வாகியிருக்கட்டும். இன்னொன்றைத் தேர்ந்தால் புரோகிராம் ஓடும், ஆனால் அதன் ஜன்னல் கண்ணில் படாது. கீழே 'ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். மொத்த வித்தையும் இந்த ஒரு டிக்தான்.

ட்ரிகர்ஸ் பக்கத்தில் நியூ அழுத்தி, 'அட் லாக் ஆன்' தேர்ந்து, உங்கள் கணக்கை மட்டும் குறியுங்கள். அங்கேயே 'டிலே டாஸ்க்' என்பதில் 30 செகண்ட் போடுவது என் வழக்கம். டெஸ்க்டாப் முழுதாக எழுந்த பிறகு திறந்தால், கடிகாரத்துக்குப் பக்கத்தில் வர வேண்டிய ஐகான் காணாமல் போகாது.

ஆக்ஷன்ஸ் பக்கத்தில் எக்ஸி ஃபைலைக் காட்டுங்கள். 'ஸ்டார்ட் இன்' கட்டத்தில் அது இருக்கும் ஃபோல்டரின் முகவரியைக் கொடுங்கள், மேற்கோள்குறி இல்லாமல். தன் செட்டிங்ஸ் ஃபைலைப் பக்கத்திலேயே தேடும் புரோகிராம்களுக்கு இது இல்லாவிட்டால் புதிதாக இன்ஸ்டால் ஆனது போலத் திறக்கும். சேமித்துவிட்டு, டாஸ்க்கின் மேல் ரைட் கிளிக், ரன். பெட்டி வராமல் திறந்ததா? சரி, இப்போது ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

டாஸ்க் போட்டேன். சில நாள் திறக்கிறது, சில நாள் திறப்பதே இல்லை.

லேப்டாப்தானே? கண்டிஷன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். 'கம்ப்யூட்டர் ஏசி பவரில் இருந்தால் மட்டும் தொடங்கு' என்ற பொருளில் ஒரு டிக், நீங்கள் போடாமலே இருக்கும். சார்ஜர் செருகியிருந்த நாட்களில் திறந்திருக்கும், பேட்டரியில் ஓடிய நாட்களில் திறந்திருக்காது. பேட்டரிக்கு மாறினால் நிறுத்து என்று அதற்குக் கீழேயே இன்னொரு டிக்கும் உண்டு. இரண்டையும் எடுங்கள். செட்டிங்ஸ் பக்கத்தில் '3 நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்து' என்பதும் தானாகவே டிக் ஆகியிருக்கும். கம்ப்யூட்டரை அணைக்காமல் ஸ்லீப்பில் மட்டும் வைப்பவர்களுக்குப் புரோகிராம் திடீரென மறைவதற்கு இது காரணமாக இருக்கலாம்.

டாஸ்க் வழியாகத் திறந்தால் புரோகிராம் கொஞ்சம் மந்தமாக இருக்கிறதே என்றும் சிலர் கேட்பார்கள். கற்பனை இல்லை. டாஸ்க் ஷெட்யூலர் இயல்பாகவே தன் வேலைகளுக்குச் சற்றுக் குறைந்த முன்னுரிமைதான் தரும். சின்னக் கருவிகளில் தெரியாது.

இப்படிச் செய்வது பாதுகாப்பா?

எக்ஸி ஃபைல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அது புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருந்தால், அதை மாற்றி எழுதவே அட்மின் உரிமை வேண்டும், ஆகவே பெரிய கவலை இல்லை. அதுவே ஆப்டேட்டாவிலோ டெஸ்க்டாப்பிலோ இருந்தால், சாதாரண உரிமையில் ஓடும் எந்தப் புரோகிராமும் அந்த ஃபைலை எடுத்துவிட்டுத் தன்னுடையதை அதே பெயரில் வைத்துவிடலாம். அடுத்த லாகினில் டாஸ்க் அதைக் கேள்வி கேட்காமல் முழு உரிமையோடு திறக்கும். வாசல் கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை மிதியடிக்குக் கீழே வைத்த கதை. இந்த வழியைப் பயன்படுத்துவதென்றால் ஃபைலைப் புரோகிராம் ஃபைல்ஸுக்கு மாற்றிவிட்டுச் செய்யுங்கள். கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த பேட்ச் ஃபைல், ஸ்கிரிப்ட் எல்லாவற்றுக்கும் இதே விதி.

முழு உரிமையோடு திறந்தபின் ஃபைலை இழுத்துப் போட வரவில்லை. நெட்வொர்க் டிரைவும் காணவில்லை.

இரண்டும் எதிர்பார்த்ததே. சாதாரண உரிமையில் ஓடும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரிலிருந்து அட்மின் உரிமையில் ஓடும் ஜன்னலுக்குள் இழுத்துப் போடுவதை விண்டோஸ் தடுக்கும். நெட்வொர்க் டிரைவ் எழுத்து, நீங்கள் சாதாரண சாவியோடு இணைத்தது. முழுச் சாவியோடு ஓடும் புரோகிராமுக்கு அந்த எழுத்து தெரியாது. இரண்டு சாய்கோட்டில் தொடங்கும் நெட்வொர்க் முகவரியை முழுதாகக் கொடுத்துத் திறக்கலாம்.

எனக்குப் பாஸ்வேர்டே கேட்கிறது. அது அட்மினிடம்தான் இருக்கிறது.

உங்களுடையது சாதாரண கணக்கு. இங்கே கவனிக்க வேண்டியது: அட்மின் வந்து பாஸ்வேர்டு போட்டால், அந்தப் புரோகிராம் அவருடைய கணக்கில்தான் ஓடும். நீங்கள் டாக்குமென்ட்ஸில் சேமித்ததாக நினைப்பது அவருடைய டாக்குமென்ட்ஸில் போய் உட்கார்ந்திருக்கும். மேலே சொன்ன டாஸ்க் வழியும் உங்கள் கணக்கில் பலிக்காது. உங்களிடம் இல்லாத உரிமையை அந்த டிக் தராது. அட்மினிடம் சொல்லி அந்தப் புரோகிராமை ஸ்டார்ட்அப்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், அல்லது சர்வீஸாக ஓடும் வேறு புரோகிராமுக்கு மாறச் சொல்லுங்கள். அலுவலகக் கம்ப்யூட்டர் என்றால் நீங்களாக எதையும் நோண்ட வேண்டாம்.

பேசாமல் யூஏசியையே அணைத்துவிட்டால்?

வேண்டாம். யூஏசி செட்டிங்ஸில் இருக்கும் ஸ்லைடரைக் கடைசிவரை கீழே இறக்கினால் இந்த ஒரு புரோகிராம் மட்டும் கேட்காமல் இருக்காது, எதுவுமே கேட்காது. அட்மின் கணக்கில் எது முழு உரிமை கேட்டாலும் சத்தமில்லாமல் கிடைத்துவிடும். சாதாரண கணக்கில் தலைகீழ்: கேட்காமலே மறுக்கப்படும். மேலிருந்து இரண்டாவது நிலைதான் விண்டோஸ் இயல்பாக வைப்பது, அங்கேயே இருக்கட்டும்.

எனக்குப் பெட்டியே வரவில்லை, புரோகிராமும் திறக்கவில்லை.

முதலில் டாஸ்க்பாரைப் பாருங்கள். கேடய ஐகான் ஒன்று அங்கே மினுக்கிக்கொண்டிருக்கலாம். கேள்வி பின்னால் நின்று காத்திருக்கிறது, அதைச் சொடுக்கினால் முன்னால் வரும். அதுவும் இல்லையென்றால், அட்மின் உரிமை கட்டாயம் என்று அறிவித்த புரோகிராமை லாகின் நேரத்தில் விண்டோஸ் தொடங்காமலே விட்டிருக்கும். விஸ்டாவில் இப்படித் தடுத்ததும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்பாவது வந்தது. மருந்து அதே டாஸ்க் ஷெட்யூலர்தான்.

எல்லாம் நிறுத்தியும் ஏதோ ஒன்று மட்டும் திரும்பி வருகிறது.

செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், சைன் இன் ஆப்ஷன்ஸ் போங்கள். அணைக்கும்போது திறந்திருந்த ஆப்களை நினைவில் வைத்து மறுபடி திறக்கும் வசதி அங்கே உண்டு. அதை நிறுத்துங்கள்.

எதிலும் பிடிபடவில்லை. வேறு வழி?

பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவதுதான். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் எம்எஸ்கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் தட்டி, சர்வீசஸ் பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைக்கும் டிக்கை மறக்காமல் முதலில் போடுங்கள். பிறகு மீதியில் பாதியை நிறுத்துங்கள். ஸ்டார்ட்அப் பட்டியலிலும் பாதி. ரீஸ்டார்ட். பெட்டி வந்தால் ஆள் ஓடிக்கொண்டிருக்கும் பாதியில் இருக்கிறது, வராவிட்டால் நிறுத்திய பாதியில். அந்தப் பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். 30 பதிவு இருந்தாலும் ஐந்து ரீஸ்டார்ட்டில் ஒன்றில் வந்து நிற்கும். எதையெதை நிறுத்தினீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை எழுதாமல் செய்து, பிரின்டர் ஏன் வேலை செய்யவில்லை என்று அடுத்த வாரம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன்.